யாரும் தலை தூக்காத அறை

மார்க்கோ வெளியே ஓடிவிட்டான்.

கையிலிருந்த டீ டம்ளரை மேஜையில் வைக்கக்கூட இல்லை. டம்ளரோடு படியிறங்கி, கேஜிஎஃப் தங்கவயலின் கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷன் எதிரே வெயிலில் போய் நின்று, எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். சட்டை முழுக்க டீ.

பூமிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்திருந்தது. ‘தொம்’ என்று ஒரே ஒரு முறை. ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கியது. மேஜைமேல் கிடந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

அறையில் எட்டுப் பேர் காதில் ஹெட்போன் மாட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை. டில்லிபாபு குனிந்து பேனாவை எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். நானும் எழுந்திருக்கவில்லை.

யசோதரா மட்டும் ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தி என்னைக் கேட்டாள்.

“இன்னாண்ணா, அவரு வெளிய ஓடறாரு? போன் வந்துச்சா?”

அவள் சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஓடியவனைப் பற்றித்தான் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் கம்பெனியின் சிக்கல் இருந்தது என்பது எனக்குப் புரிய இன்னும் பத்து நிமிடம் ஆனது.

லிஃப்டுக்கு ஒரு காது

போன வாரப் பகுதியில், மஸ்கட்டில் லிஃப்ட் கயிற்றுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்த என்னைக் கனடாவுக்கு விமானம் ஏற்றி நிறுத்தியிருந்தேன். நடுவே சில வருடங்களைத் தாண்டி வந்துவிட்டேன். இந்தத் தொடரில் நான் வரிசையாகப் போவதில்லை என்பது வாசகர்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். வாழ்க்கையிலும் நான் வரிசையாகப் போனதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்று, பங்காருபேட்டையில் பானிபூரி வண்டியில் தட்டுக் கழுவி, பம்பாய் போய், அங்கிருந்து வளைகுடா போய், கடைசியில் டொரான்டோவில் லிஃப்ட் மெக்கானிக் ஆனவன் நான். ஊரில் அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினார். நான் உலகம் முழுக்க லிஃப்டில் ஏறினேன். குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்க்கோவின் அப்பாவும் லிஃப்ட் மெக்கானிக்தான். போர்த்துகலிலிருந்து வந்தவர், என்னோடு வேலை செய்தவர். மகன் கம்ப்யூட்டர் படித்தான். ஒருநாள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னேன்: லிஃப்ட் கெட்டுப்போவதற்குப் பல நாள் முன்னாலேயே அதன் சத்தம் மாறிவிடும், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. “அப்படியென்றால் ஒரு காது செய்வோம்” என்றான் மார்க்கோ.

அதுதான் கம்பெனி. லிஃப்ட் கூண்டின் தலையில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். சத்தத்தைப் பதிந்து அனுப்பும். பெட்டிக்குச் சத்தம் கேட்கும், அர்த்தம் தெரியாது. அதை மனிதர்கள்தான் சொல்லித் தர வேண்டும். ஒவ்வொரு துண்டுச் சத்தத்தையும் கேட்டு மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: ‘சாதாரணம்’, ‘கவனி’, ‘நிறுத்து’.

அந்தக் கேட்கும் வேலையைத்தான் நான் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

ஹீட்டருக்காகப் படித்தது

தொழில் தொடங்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். நூலகத்தில். அதுவும் படிப்பு ஆசையால் அல்ல. டொரான்டோவில் முதல் குளிர்காலம் நான் தங்கியிருந்த நிலவறையில் ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. தெருமுனை நூலகத்தில் நன்றாக வேலை செய்யும். சும்மா உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து கைக்குக் கிடைத்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். கிடைத்த அலமாரி தொழிலதிபர்களின் வாழ்க்கை வரலாறு.

விரலை வரியின்கீழ் வைத்துப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி. அப்படிப் படித்ததால்தான் எதுவும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லின: உனக்கு நன்றாகத் தெரிந்த ஆட்களை முதலில் சேர்த்துக்கொள், ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரிந்த குழு பாதி நேரத்தில் வேலையை முடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊர் அப்படித்தானே. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருந்தால், அது குளிர் விட்டதும் நான் படிக்காமல் விட்டுப் போன பக்கத்தில் இருந்திருக்கும்.

ஒரு பெட்டி, ஒரு வரிசை

விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கவில்லை நான். இருட்டோடு கிளம்புகிற பெங்களூரு ரயிலில் ஒரு வாரம் ஏறிப் போய் வந்தேன்.

எங்கள் ரயிலில் ஏறியவர்களுக்குத் தெரியும். அதில் ஒவ்வொரு பெட்டியிலும் தினமும் சேர்ந்து போகிறவர்களின் ‘செட்’ உண்டு. ரயில் கிளம்புகிற மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர் கர்சீப்பும் பையும் போட்டு இடம் பிடிப்பார். கோரமண்டலில் ஏறுகிறவர்களுக்கு அது. பங்காருபேட்டை வந்ததும் நிற்கிறவர்கள் உட்காருவார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பார்கள். யாருக்கு இன்று முதுகு வலி, யாருக்கு நேற்று இரட்டை ஷிஃப்ட், எல்லாம் கணக்கில் வரும்.

நான் போன பெட்டியில் அந்தக் கணக்கைப் போட்டவள் யசோதரா. முப்பதைத் தாண்டியவள். தாத்தா காலத்தில் பௌத்தத்துக்கு வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பம். பெங்களூரில் கால்சென்டரில் வேலை. இடம் பிடிக்கிற கர்சீப் டில்லிபாபுவுடையது. அவன் ஒரு கம்பெனியில் லேப்டாப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் வெளியாள் ஒருவர் சண்டைக்கு வந்தார், காலி இடத்தில் துணி போட்டு வைக்க நீங்கள் யார் என்று. யசோதரா குரலை உயர்த்தவில்லை.

“சார், நீங்க ஒக்காருங்க. ஒயிட்ஃபீல்டு வந்ததும் எழுந்துடணும். அங்க ஒரு அக்கா ஏறுவாங்க. அவங்களுக்குக் கால்ல ஆப்பரேசன். சரிங்களா?”

அவர் உட்கார்ந்தார். ஒயிட்ஃபீல்டில் எழுந்தும் கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் அந்த வரிசை முழுவதையும் வேலைக்கு எடுத்தேன். எட்டுப் பேர். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்தை ரயிலில் தொலைத்துக்கொண்டிருந்த எட்டுப் பேர் வீட்டிலிருந்து நடந்து வேலைக்கு வரத் தொடங்கினார்கள். அதைப்போல என்னைக் கர்வப்பட வைத்த விஷயம் வேறு எதுவும் இல்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்: இது நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டுமான ஆபீஸ்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர் டொரான்டோவில் ஒரு மருத்துவமனை. ஆறு வாரச் சோதனை. தேறினால் அவர்களுடைய எல்லாக் கட்டடங்களும் எங்களுக்கு. தேறாவிட்டால் கோரமண்டல் ஆபீஸை நடத்த எங்களுக்கு வேறு வழியில்லை.

நான்காவது வாரம் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவரும் ஒரு நர்ஸும். முக்கால் மணி நேரம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூண்டைத் தண்டவாளத்தோடு பிடித்து ஓட்டுகிற ஷூ தேய்ந்து உடைந்திருந்தது.

பதிவுகளைத் திருப்பிப் பார்த்தோம். மூன்று நாளாக அந்த லிஃப்ட் ‘தொம், தொம்’ என்று இடித்துக்கொண்டே போயிருக்கிறது. சின்ன முனகலையும் கீச்சையும் பிடித்து ‘கவனி’ போட்ட எங்கள் ஆட்கள் இந்த இடியை மட்டும் ஒவ்வொரு முறையும் ‘சாதாரணம்’ என்று அழுத்தியிருந்தார்கள். ஒருவர் அல்ல, கேட்ட அத்தனை பேரும்.

மார்க்கோ உடனே டிக்கெட் போட்டான். வரும்போதே முடிவோடு வந்தான். விமான நிலையத்திலிருந்து காரில் வரும் வழியில் சொன்னான்.

“வேலையை டொரான்டோவுக்கே எடுத்துக்கொள்வோம். நல்லவர்கள்தான். ஆனால் இடி விழுவதைக்கூடக் கேட்காதவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?”

ஆபீஸில் இருந்தவர்களுக்கு அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியும். அன்று யாரும் மதியம் சாப்பிடவில்லை. அப்போதுதான் டீ வந்தது. பிறகு அந்தத் ‘தொம்’ வந்தது.

சாப்புடு

மார்க்கோ படியேறித் திரும்பி வந்தான். அறையைப் பார்த்தான். எட்டுத் தலைகளும் குனிந்தே இருந்தன.

“என்ன அது?” என்று கேட்டான்.

“எது?” என்றான் டில்லிபாபு.

“அந்தச் சத்தம்! கட்டடம் ஆடியதே!”

“ஓ, அதுவா” என்று தமிழுக்குத் தாவினான் டில்லி. “அது பர்ஸ்ட்டா இருக்கும். இல்ல கல்குவாரில வெடி வெச்சிருப்பாங்க. அது ஒண்ணுமில்ல சார், சாதாரணம்.”

சொல்லி முடித்ததும் அவனே வாயை மூடிக்கொண்டான். யசோதரா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறையைக் குடைந்தால், மிச்சப் பாறை தாங்காமல் எப்போதாவது வெடிக்கும். அதை நாங்கள் பர்ஸ்ட் என்போம். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தரை குலுங்கும், பாத்திரம் உருளும். சுரங்கத்தை மூடிய பிறகும், உள்ளே தண்ணீர் ஏறியதாலோ என்னவோ, நெடுநாள் வந்தது. இப்போதும் சில சமயம் வருவதாகச் சொல்கிறார்கள்.

சுரங்கம் ஓடியபோது பர்ஸ்ட் வந்தால் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் பேசக் கூடாது. எங்கே, எந்த லெவலில், யார் ஷிஃப்ட் என்று கேட்கக் கூடாது. கீழே இருப்பது அப்பாவா, பக்கத்து வீட்டுக்காரரா என்பது தெரிய ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். கேட்டால் பயம் வரும், ஒருத்தி அழுதால் லைன் முழுக்க அழும். அதனால் அம்மா எங்கள் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டு “சாப்புடு” என்பார். நாங்கள் தலை குனிந்து சாப்பிடுவோம். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் அந்தக் குனிவு உதவியது.

என் அப்பா ஒரு முறை அப்படி வராமல் போய், மறுநாள் காலையில் தோள் எலும்பு உடைந்து வந்தார். அந்த இரவும் நாங்கள் சாப்பிட்டோம்.

அது காது கேளாமை அல்ல. பழக்கி வளர்த்த ஒழுக்கம். சுரங்கம் மூடி இத்தனை வருடம் ஆகியும், ஷிஃப்டுக்கு யாரும் போகாத வீடுகளிலும், அந்த ஒழுக்கம் அப்படியே இருந்திருக்கிறது. ‘தொம்’ வந்தால் எங்கள் ஊரில் யாரும் “என்ன அது” என்று கேட்பதில்லை.

இதை எல்லாம் நான் மார்க்கோவுக்குச் சொல்லி முடிக்கும்வரை அவன் நின்றுகொண்டே கேட்டான். பிறகு டில்லியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“ஒரு மாதம்” என்றான். “மருத்துவமனை ஒப்புக்கொண்டால்.”

வெளியாள்

யசோதரா அன்றே இரண்டு காரியம் சொன்னாள்.

முதலாவது, ‘சாதாரணம்’ என்ற பொத்தானை எடுத்துவிட வேண்டும். “அது கீறதாலதான் அழுத்தறோம்” என்றாள். அதற்குப் பதில், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எழுத வேண்டும். கதவு, கயிறு, தண்டவாளம், ஆள் நடக்கிற சத்தம். எழுதத் தெரியாவிட்டால் அது தெரியாத சத்தம். தெரியாத சத்தத்தை எல்லோரும் கூடிக் கேட்க வேண்டும்.

இரண்டாவதைக் கேட்டதும் நான்தான் முதலில் மறுத்தேன்.

“கேஜிஎஃப் ஆளு மட்டும் வேணாம்ணா. பங்காருபேட்டைல இருந்து ஒருத்தர எடுங்க.”

“நம்ம செட்டுல வெளியாளா?” என்று டில்லி எழுந்துவிட்டான். “இன்னாக்கா, நம்ம எட்டு பேருக்கே வேல நிக்குமான்னு தெரியல.”

“எட்டு பேருக்கும் ஒரே காது, டில்லி. எட்டு சம்பளம் வாங்கிகினு ஒரு காதுதான் குடுக்கறோம்.”

நான் சொன்னேன்: “யசோ, இது நம்ம ஊர் ஆபீஸ்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

“உங்களுக்கு வாசல்ல போர்டு வேணுமா, ஆபீஸ் வேணுமாண்ணா?”

மார்க்கோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தான். குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

அப்படி வந்தவள் நாகமணி. பங்காருபேட்டையில் தெலுங்கு பேசுகிற குடும்பம், துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். பங்காருபேட்டை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே சுரங்கம் கிடையாது. சத்தம் வந்தால் சத்தமாகப் பயப்படுகிறவர்கள்.

மருத்துவமனையின் பராமரிப்புத் தலைவி ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு அம்மா. கறார். நான் பேசுகிறேன் என்றேன், யசோதரா தானே பேசுவதாகச் சொன்னாள். கால்சென்டர் ஆங்கிலத்தில், ஆனால் கால்சென்டரில் சொல்லித் தந்த எந்த மன்னிப்பும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். எங்கள் ஆட்கள் தூங்கவில்லை, கேட்டார்கள், இன்ன காரணத்தால் தவறாகக் குறித்தார்கள், இப்போது இன்னது மாற்றியிருக்கிறோம்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “எங்கள் வார்டுகளில் நாள் முழுக்க அலாரம் அடிக்கிறது. எங்கள் ஆட்களுக்கும் அது கேட்பதில்லை. ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.”

நிறுத்துங்கள்

அந்த ஒரு மாதத்தில் மூன்றாவது வாரம். எங்களுக்குச் சாயங்காலம், அங்கே காலை.

நாகமணி திடீரென்று “அம்மோ!” என்று கத்தி ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

“தோ, எந்திரிச்சிட்டாங்க” என்றான் டில்லி. “காலைலருந்து நாலாவது வாட்டி. ஒரு வாட்டி அது எலி.”

“இது எலி காது, டில்லி. கேளு நீ” என்றாள் நாகமணி. தெலுங்கில் ‘காது’ என்றால் ‘அல்ல’.

கேட்டார்கள். எல்லோரும் கூடி நின்று கேட்டார்கள். கூண்டு கீழே இறங்கும்போது மட்டும் ஒரு இடி. ஏறும்போது இல்லை. ஷூ என்றான் ஒருவன், ஷூ என்றால் ஏறும்போதும் இடிக்கும் என்றாள் இன்னொருத்தி. கயிறு இல்லை. கதவு இல்லை. என்னைக் கேட்டார்கள். இத்தனை வருட மெக்கானிக் நான், எனக்கும் தெரியவில்லை.

அது அறுவை அரங்குகளுக்குப் போகிற லிஃப்ட்.

யசோதரா போனை எடுத்தாள். அந்த அம்மாவே பேசினார். “நிறுத்தினால் காலை அறுவைகள் எல்லாம் தள்ளிப்போகும். எங்கள் மெக்கானிக் நேற்றுதான் பார்த்தான், ஒன்றுமில்லை என்றான். என்ன கோளாறு, சொல்லுங்கள்.”

“என்ன என்று தெரியவில்லை, மேடம்.”

“தெரியாமல் நிறுத்தச் சொல்கிறீர்களா?”

நானும் அந்த அழைப்பில் இருந்தேன். தப்பாகப் போனால் ஒப்பந்தம் இல்லை, ஆபீஸும் இல்லை. கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள் என்று நடுவழி ஒன்றைச் சொல்ல வாய் திறந்தேன். யசோதரா என்னைப் பார்க்காமலேயே கையை உயர்த்தினாள்.

“தெரியாததால்தான் சொல்கிறேன். நிறுத்துங்கள்.”

நிறுத்தினார்கள். நாங்கள் காத்திருந்தோம். யாரும் சாப்பிடவில்லை, யாரும் தலை குனியவும் இல்லை. டில்லி நகத்தைக் கடித்தான். நாகமணி தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டாள். “இன்னா ஆயிருக்கும், இன்னா ஆயிருக்கும்” என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊரில் இப்படி வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மா அழைத்தார். கூண்டுக்கு எதிர்த்திசையில் எடைக்கல் ஓடுகிற தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் பட்டையில் ஒரு போல்ட் அறுந்து விழுந்திருந்தது. அடுத்ததும் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. படம் அனுப்பியிருந்தார். பிறகு கேட்டார்: “நிறுத்தச் சொன்னது யார் முடிவு என்று எங்கள் நிர்வாகம் கேட்கிறது. யார் பெயரைச் சொல்லட்டும்?”

நிறுவனர் என்று புத்தகங்களில் வருகிற ஆள் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. நான் போனை யசோதராவின் பக்கம் நகர்த்தினேன்.

“யசோதரா” என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள் அவள். “கோரமண்டல், கேஜிஎஃப்.”

ஒப்பந்தம் அந்த மாதமே கையெழுத்தானது. மார்க்கோ டொரான்டோவிலிருந்து போனில் கத்தியது ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். டில்லிபாபு தன் மேஜையில் ஏறி நின்று கேட்டான்:

“அப்போ நம்ம யாரும் இனிமே ட்ரெயினுக்கு ஓட வேணாம், அப்படித்தானேக்கா?”

“எனக்கு வேணும்” என்றாள் நாகமணி. “காலைல பங்காருபேட்டைல இந்தப் பக்கம் வர்ற ட்ரெயின்ல ஆளே லேது. கால நீட்டிகினு வரேன், வேலைக்கு.”

சுரங்கம் மூடியதிலிருந்து எங்கள் ஊர் ஆட்கள் காலையில் வேலைக்காக வெளியே போவதை மட்டுமே பார்த்திருக்கிறேன். வேலைக்காக எங்கள் ஊருக்குள் ரயிலேறி வருகிறவள், நான் அறிந்து, அவள்தான்.